இருபத்தாறாம் தேதி ஃபோல்டர்

காந்திமதி: எத்தினாவது வரிக்கும் படிச்சிருக்க நீ?

கிளாரா: ஒம்பதாவது. அதுவும் பாதிதான்.

காந்திமதி: பாதி ஒம்பதாவது படிச்ச பொண்ணு கையிலயா உங்க ஓனரு இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய குடுத்து வச்சிருக்காரு?

கிளாரா: அவரு குடுக்கலக்கா. அவரு கண்டாச்சிபுரத்துல கல்யாண வீடியோ எடுக்கப் போயிருக்காரு. நானாத்தான் தெறந்திருக்கேன்.

காந்திமதி: வயித்த கிழிச்சிப் போட்ட மாதிரி கெடக்குது. திருப்பித் தைக்கத் தெரியுமா உனக்கு?

கிளாரா: தெரியும். கூடைய மட்டும் கொஞ்சம் அந்தாண்ட வைங்கக்கா. தண்ணி சொட்டுது.

காந்திமதி: ஐஸு தண்ணி. காத்தாலயே எல்லாம் வித்துட்டேன். நாலு கெழங்கா மீனு மட்டும் கெடக்குது. உனக்குன்னு எடுத்து வச்சது.

கிளாரா: எங்க வூட்ல கடல் மீனு வாங்கறதில்ல.

காந்திமதி: திண்டிவனத்துல இருந்துக்கினு கடல் மீனு வாங்க மாட்டீங்களா? அப்பறம் ஏரிச் சேத்துல பொறண்டதயா திங்கறீங்க?

கிளாரா: அம்மாவுக்குப் புடிக்காது. அவ்ளோதான்.

காந்திமதி: சரி வுடு. நீ இம்மாம் பேசறதே பெருசு. அந்தப் பழைய படத்தக் கேட்டு மூணு தடவ வந்தேன். மூணு தடவையும் அந்தாளு 'டிஸ்க்கு செத்துப்போச்சும்மா, போங்க'ன்னாரு. நீ மூலையில குந்திக்கினு போட்டோ வெட்டிக்கினு இருந்த. வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி.

கிளாரா: அவரு முன்னாடி பேச மாட்டேன்.

காந்திமதி: அதான் எழுதி கூடையில போட்டியா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? பஸ்ஸுல கண்டெக்டர்கிட்ட குடுத்தேன். அவன் சத்தமா படிக்கிறான். 'புதன்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. ஓனர் இருக்க மாட்டார்.' பஸ்ஸே என்னத் திரும்பிப் பாக்குது. இந்த வயசுல உனக்கு எவம்மா லெட்டர் குடுக்கறான்னு கேக்கறான்.

கிளாரா: அய்யோ…

காந்திமதி: சிரிக்கக் கூட தெரியுது பாரு இதுக்கு. எங்க, அந்த டிஸ்க்கு?

கிளாரா: இதான்.

காந்திமதி: இவ்ளோதானா? கருவாட்டுத் துண்டாட்டம் இருக்குது.

கிளாரா: முந்தி இங்க இருந்த கம்ப்யூட்டரு இடி வுழுந்து போச்சி. அதுலயிருந்து கழட்டினது. பேப்பர்ல சுத்தி அடி டிராயர்ல போட்டு வச்சிருந்தாரு.

காந்திமதி: அப்ப இடி இதுலயும் வுழுந்திருக்குமே.

கிளாரா: இருக்கலாம். மாட்டிப் பாத்தாத்தான் தெரியும். செத்துப்போச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. ஆனா மாட்டிப் பாத்து நான் பாத்ததில்ல.

காந்திமதி: நீ எத்தினி வருசமா இங்க இருக்க?

கிளாரா: மூணு.

காந்திமதி: மூணு வருசத்துல ஒரு நாளு கூட உனக்குத் தோணலியா?

கிளாரா: ஸ்க்ரூ டிரைவர எடுங்கக்கா. மஞ்சப் புடி போட்டது.

காந்திமதி: இந்தா. இப்ப இன்னா பண்ணப் போற?

கிளாரா: இந்தக் கம்ப்யூட்டருக்குன்னு ஏற்கனவே ஒரு டிஸ்க்கு இருக்குது. அத கழட்டப் போறதில்ல. அதுக்குக் கீழ ஒரு எடம் காலியா இருக்குது பாருங்க, அதுல இத ரெண்டாவதா மாட்டணும். மாட்டினா, அதுலயிருந்தே இதுக்குள்ள இருக்கறதப் பாக்கலாம்.

காந்திமதி: அதுல இருக்கறது அழிஞ்சிப் போவாதா?

கிளாரா: ஒழுங்கா மாட்டினா போவாது.

காந்திமதி: ஒழுங்கா மாட்டலன்னா?

கிளாரா: அவரோட கல்யாண வீடியோ எல்லாம் அதுலதான் இருக்குது. என்னக் கொன்னுடுவாரு.

காந்திமதி: எனக்காக நீ ஏன் இம்மாம் பேஜாரு பண்ணிக்கற?

கிளாரா: சும்மாதான்.

காந்திமதி: சும்மா ஒருத்தி இப்பிடிச் செய்ய மாட்டா.

கிளாரா: நீங்க மூணு தடவ வந்தீங்க இல்ல. அதுக்குத்தான்… எந்தப் புள்ளன்னு இன்னொரு தடவ சொல்லுங்க.

காந்திமதி: பக்கத்து வூட்டுப் புள்ள. பரிமளான்னு பேரு. சுனாமி வந்தப்ப எட்டு வயசு. காத்தால கரையில வெளையாடிக்கினு இருந்திச்சி. அதோட சரி.

கிளாரா: அஞ்சி வருசம் கழிச்சி இப்ப ஏன்?

காந்திமதி: எங்க குப்பத்துல சின்னக்கண்ணுன்னு ஒருத்தன், பாண்டிக்குக் கட்டட வேலைக்குப் போனான். அங்க ஒரு ஹோமுல செவுரு பூசறப்ப ஒரு பொண்ணப் பாத்தானாம். பதிமூணு வயசு இருக்குமாம். பேரு கேட்டா சொல்லாதாம். பேச்சே கெடையாதாம். அசப்புல பரிமளாவாட்டமே இருக்குதுன்றான்.

கிளாரா: அப்ப நேரா ஹோமுக்கே போயிருக்கலாமே.

காந்திமதி: போயி? எட்டு வயசு மூஞ்சிதான தெரியும். இப்ப பதிமூணு. எதிர்ல வந்து நின்னா இதான்னு மனசு சொல்லிடும். மனசு எத வேணா சொல்லும்மா. அத நம்பக்கூடாது. உங்க ஓனரு அன்னிக்கி எடுத்த செத்ததுங்க படத்துல அவ இல்லன்னு மொதல்ல எனக்குத் தெரியணும். இல்லன்னா, இன்னிக்கே பாண்டி பஸ் ஏறிடுவேன்.

கிளாரா: இருந்தா?

காந்திமதி: இருந்தா ஹோமுல இருக்கறது வேற எவளோ பெத்தது. வுட்டுடுவேன்.

கிளாரா: அந்தப் புள்ளயோட அம்மா வரலாமே. நீங்க ஏன் அலையறீங்க?

காந்திமதி: அவளால வர முடியாது.

கிளாரா: ஒடம்பு சரியில்லயா?

காந்திமதி: அப்பிடித்தான் வச்சிக்கோயேன். நீ வேலயப் பாரு. கரண்டு இருக்குதா அதுல?

கிளாரா: ஒயர புடுங்கிட்டேன். கைய மட்டும் இந்தத் தகட்டுல ஒரு தடவ வச்சிக்கணும். நம்ம ஒடம்புல இருக்கற கரண்டு எறங்கிடும். இல்லன்னா டிஸ்க்கு கெட்டுப்போவும்.

காந்திமதி: ஒடம்புல கரண்டா? என் ஒடம்புல ஒண்ணும் கெடையாது. எல்லாம் எறங்கிப்போச்சி.

கிளாரா: இந்தப் பட்ட ஒயர புடிச்சிக்கங்க. மடிக்காதீங்க.

காந்திமதி: வாள மீனாட்டம் இருக்குது.

கிளாரா: அதுல ரெண்டு வாயி இருக்குது பாருங்க. ஒண்ணு பழசுல மாட்டியிருக்குது. நடுவுல இருக்கறது இதுக்கு. செவப்புக் கோடு கரண்டு ஒயரு பக்கமா இருக்கணும். ம்… அப்பிடித்தான். இப்ப அழுத்தணும்.

காந்திமதி: மெதுவா.

கிளாரா: போயிடுச்சி. கரண்டு ஒயரும் மாட்டியாச்சி. ஸ்க்ரூ ரெண்டு போதும். அவரு வர்றதுக்குள்ள திருப்பிக் கழட்டணும்.

காந்திமதி: போடு சுச்ச.

கிளாரா: போடறேன்…

காந்திமதி: இன்னா, டிவி கருப்பாவே கெடக்குது?

கிளாரா: இருங்க.

காந்திமதி: எழுத்து வருது. இன்னா போட்டிருக்கு?

கிளாரா: டிஸ்க்கே இல்லன்னு போட்டிருக்கு.

காந்திமதி: புதுசா மாட்டினதா?

கிளாரா: ரெண்டுமே. பழசயும் காணோம்னுது.

காந்திமதி: அய்யோ, அவரு வேல எல்லாம் போச்சா? கழட்டும்மா. நான் போறேன். எனக்கு வேணாம். என்னால உன் பொழப்பு கெடக்கூடாது.

கிளாரா: இருங்கக்கா. குனிஞ்சி காத வச்சிக் கேளுங்க. கீழ மாட்டினதுல சத்தம் வருதா?

காந்திமதி: வருது. கிர்ருன்னு சுத்துது.

கிளாரா: சுத்துதுன்னா உயிரு இருக்குது. ஆஃப் பண்ணிட்டுப் பாக்கலாம்… ம். இதுதான். என் மேலதான் தப்பு. பாக்காம மாட்டிட்டேன்.

காந்திமதி: இன்னா?

கிளாரா: டிஸ்க்கு பின்னாடி குட்டி குட்டிக் கம்பி நிக்குது பாருங்க. அதுல ஒரு ஜோடி மேல சின்னதா குல்லா போட்டிருக்குது. அது மாஸ்டர் எடத்துல இருக்குது. பழசும் மாஸ்டர். ஒரே ஒயர்ல ரெண்டும் நாந்தான் மொதல்லன்னு நின்னுக்கினு எதுவும் பேசல.

காந்திமதி: எங்க வூட்ல நானும் என் மாமியாளும் மாதிரி.

கிளாரா: இந்தக் குல்லாவ எடுத்து ஸ்லேவ் எடத்துல போடணும். போட்டா இது ரெண்டாவதா அடங்கிக்கும்.

காந்திமதி: ஸ்லேவுன்னா?

கிளாரா: அடிமை. மேலயே எழுதி ஒட்டியிருக்குது.

காந்திமதி: இரும்புக்குக் கூட அப்பிடிப் பேரு வச்சிருக்கானுங்களா… சரி, போடு.

கிளாரா: நகத்துல வர்ல. ஊக்கு இருக்குதா?

காந்திமதி: தாலிக் கயித்துல நாலு தொங்குது. எந்த சைசு வேணும்?

கிளாரா: சின்னது. ம்… வருது… வந்து… போச்சி. வுழுந்துடுச்சி.

காந்திமதி: அசையாத. காலத் தூக்காத. நான் தேடறேன். அரிசி அளவுதான?

கிளாரா: அதுலயும் பாதி. கருப்பு கலரு.

காந்திமதி: நெத்திலி மீனுல முள்ளு பாத்த கண்ணு இது… இந்தா. உன் செருப்பாண்டயே கெடக்குது.

கிளாரா: குடுங்க. போன் அடிக்குது. பேசாதீங்கக்கா… அலோ. சொல்லுங்க ராஜாங்கம்ண்ணே. இல்லண்ணே, ஒரே ஒரு பாஸ்போர்ட்டு போட்டோ தான் வந்திச்சி. கொடுத்துட்டேன். ம்… பெரிய கேமராவா? பீரோவுல இருக்குது. நீங்களே வர்றீங்களா? எங்க இருக்கீங்க? சரிண்ணே. சரி.

காந்திமதி: வர்றாரா?

கிளாரா: கேமராவுல டேப்பு சிக்கிக்கிச்சாம். சாயந்திரம் ரிசப்ஷனுக்கு இன்னொரு கேமரா எடுக்க வர்றாரு. விழுப்புரம் தாண்டிட்டாராம்.

காந்திமதி: அப்ப முக்கா மணி நேரம் கூட கெடையாது. ஜல்தி போடு.

கிளாரா: போட்டுட்டேன். சுச்ச அழுத்துங்க. அந்தப் பெருசு.

காந்திமதி: நானா? எங்கையாலயா?

கிளாரா: ம்.

காந்திமதி: அழுத்திட்டேன்.

கிளாரா: வந்துடுச்சி. ரெண்டு டிஸ்க்கும் காட்டுது. பாருங்க, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.

காந்திமதி: செத்துப்போவல.

கிளாரா: இன்னும் சொல்ல முடியாது. விண்டோஸ் வரட்டும்… இப்ப புதுசா ரெண்டு எடம் காட்டுது. ஈன்னு ஒண்ணு, எஃப்னு ஒண்ணு. ஈய தெறக்கறேன்.

காந்திமதி: இன்னாமோ கேக்குதே.

கிளாரா: 'இந்த டிஸ்க்க ஃபார்மட் பண்ணலாமா'ன்னு கேக்குது.

காந்திமதி: பண்ணா?

கிளாரா: மொத்தமும் துடைச்சிட்டுப் புதுசா குடுக்கும்.

காந்திமதி: வேணாம்னு சொல்லும்மா. கைய எடு அதுலயிருந்து.

கிளாரா: வேணாம்னுதான் குடுக்கறேன். ஈ போயிடுச்சி, அதுல ஒண்ணும் படிக்க முடியாது. எஃப் ஒண்ணுதான் பாக்கி.

காந்திமதி: தெற.

கிளாரா: தெறக்குது. எல்லாம் இருக்குது. 'ஓமந்தூர் காதுகுத்து'… 'ஜெனித் புதுநன்மை'… 'தொம்மை கடை திறப்பு'… இது ஒண்ணுக்கு மட்டும் பேரு இல்ல. நம்பருதான். இருபத்தாறு, பன்னெண்டு.

காந்திமதி: அதான்.

கிளாரா: ம். அதான். போலீசுக்குன்னு அன்னிக்கி இவரதான் கூப்ட்டு எடுக்கச் சொன்னாங்க. இருபத்தி மூணு படம் இருக்குது.

காந்திமதி: நீ ஏன் எழுந்துக்கற?

கிளாரா: நீங்க உக்காருங்கக்கா. இந்த அம்புக்குறிய ஒரு தடவ அழுத்தினா அடுத்த படம் வரும். நான் செவுரு பக்கம் திரும்பிக்கறேன்.

காந்திமதி: உனக்கு பயமா?

கிளாரா: ம்.

காந்திமதி: இது இன்னா பயம். உனக்கு யாரு இவங்கள்லாம். முன்ன பின்ன பாத்திருப்பியா… சரி, திரும்பிக்க. நான் அழுத்தறேன்.

கிளாரா: அழுத்துங்க.

காந்திமதி: மாரியப்பன். எங்க தெருவுதான். வல பின்றவன்… இது குப்பம்மா கெழவி. வாயெல்லாம் மண்ணு… இது அவ பேரன்…

கிளாரா: பேரு சொல்ல வேணாங்கா.

காந்திமதி: சொல்லணும். அஞ்சி வருசமா எவனும் சொல்லல இவங்க பேர… இது யாருன்னு தெரியல. வெளியூரு. பேன்ட்டு போட்டிருக்கான்… இது நடராசன் பொண்டாட்டி.

கிளாரா: எத்தினி ஆச்சி?

காந்திமதி: எனக்கெங்க எண்ணத் தெரியுது. மேல நம்பரு போட்டிருக்கு, நீதான் பாக்க மாட்டேன்ற. பத்து பன்னெண்டு இருக்கும்… இது… 

கிளாரா: இன்னாக்கா? ஏன் நிறுத்திட்டீங்க? பரிமளாவா?

காந்திமதி: இல்ல.

கிளாரா: அப்ப?

காந்திமதி: இது நான் எடுத்துக்கினு போன புள்ள.

கிளாரா: எடுத்துக்கினு போனதுன்னா?

காந்திமதி: நீ திரும்பாத. செவுரப் பாத்துக்கினே இரு. உன் மூஞ்சியப் பாத்தா என்னால சொல்ல முடியாது… பக்கத்து வூட்டுப் புள்ளன்னு சொன்னது பொய்யி. பரிமளா என் பொண்ணு.

கிளாரா: தெரியும்.

காந்திமதி: எப்பிடித் தெரியும்?

கிளாரா: பக்கத்து வூட்டுப் புள்ளைக்காக மூணு தடவ யாரும் பஸ் ஏற மாட்டாங்க. சொல்லுங்க.

காந்திமதி: அன்னிக்கி பொழுது சாயறப்ப ஜேசிபி வந்து நின்னுக்கினு இருந்திச்சி. இருட்றதுக்குள்ள எல்லாத்தயும் ஒரே குழியில போட்டு மூடணும்னாங்க. நாறிடும்னாங்க. வரிசையா படுக்க வச்சிருந்தாங்க. மூணு தடவ நடந்து பாத்தேன். எம் பொண்ணு இல்ல. கெடச்சாலும் அந்தக் குழிதான். குப்பையத் தள்ற மாதிரி தள்ளுவாங்க. அந்த வரிசையில இந்தப் புள்ள ஒண்டியா கெடந்திச்சி. கேக்க ஆளில்ல. எம் பொண்ணு அளவுதான். மூஞ்சி பூரா வீங்கி, ஒண்ணும் தெரியல. மண்டி போட்டேன். எம் பொண்ணுன்னு கத்தினேன்.

கிளாரா: உங்க பொண்ணுன்னு நெனச்சிட்டீங்களா?

காந்திமதி: இல்ல. தொட்ட ஒடனே தெரிஞ்சிப்போச்சி. பெத்தவளுக்குத் தெரியாதா? பொய்யின்னு தெரிஞ்சேதான் கத்தினேன். அழுதது மட்டும் பொய்யில்ல. போலீசுக்காரன் ரேகை வைன்னான், வச்சேன். தூக்கினு வந்துட்டேன். ஒரு புள்ளயாவது தனியா ஒரு குழியில படுக்கட்டும்னு… அப்ப அதான் தோணிச்சி.

கிளாரா: அதுக்குத்தான் கவர்மென்ட் ஆபீசுல போயி கேக்க முடியல.

காந்திமதி: எம் பொண்ணு செத்துட்டான்னு ரேகை வச்சவளே நாந்தான. எந்த மூஞ்சிய வச்சிக்கினு போயி அவள தேடுங்கன்னு கேக்கறது? வூட்டுக்காரருக்கே தெரியாது. இன்னி வரிக்கும் பொதச்சது பரிமளான்னுதான் நெனச்சிக்கினு இருக்கறாரு.

கிளாரா: என்னா டிரெஸ்ஸு போட்டிருந்திச்சி?

காந்திமதி: யாரு?

கிளாரா: அந்தப் புள்ள.

காந்திமதி: வெள்ளக் கவுனு. அடுக்கு அடுக்கா இருக்கும். உள்ள வலத்துணி வச்சி உப்பலா தச்சது. இடுப்புல செவப்பு ரிப்பனு. எங்க குப்பத்துல அந்த மாதிரி கவுனு எந்தப் புள்ளைக்கும் கெடையாது. கழுத்துல மாதா டாலரு. உங்க ஆளுங்க புள்ளதான்னு தெரிஞ்சிது.

கிளாரா: டாலர கழட்டிட்டீங்களா?

காந்திமதி: கழட்டினேன். எங்க வூட்டுக்காரரு பாத்தா கேப்பாரேன்னு. கவுனயும் என் பொடவையில சுத்தி மறச்சிட்டேன். வித்துத் தின்னுட்டேன்னு நெனக்காத. அந்தப் புள்ள கையிலயே வச்சேன்.

கிளாரா: விரலு மடிஞ்சிதா?

காந்திமதி: மடியல. வெறச்சிப் போயிருந்திச்சி. துணி கிழிச்சி கட்டினேன், டாலரு வுழாம.

கிளாரா: எந்தக் கையி?

காந்திமதி: சோத்தாங்கையி… இதெல்லாம் நீ ஏன் கேக்கற?

கிளாரா: பொதச்ச எடத்துல கல்லு வச்சிருக்கீங்களா?

காந்திமதி: ஒண்ணும் வெக்கல. எல்லாரயும் பொதைக்கற எடத்துலயும் இல்ல. சவுக்குத் தோப்பு ஓரமா, தனியா. இப்ப சவுக்கயும் வெட்டிட்டான். வெறும் மணலு. அவரு கூட எடத்த மறந்துட்டாரு. எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மூணா நாளு பால் ஊத்தினேன். வருசா வருசம் போய் ஊத்தறேன். எம் பொண்ணுக்கு ஊத்தறனா, ஊரான் பொண்ணுக்கு ஊத்தறனான்னு எனக்கே தெரியாது… என்னம்மா? அழறியா?

கிளாரா: இல்ல. மீதிப் படம் இருக்குது. அழுத்துங்க.

காந்திமதி: வேணாம். போதும். இவள பாத்ததே போதும். எம் பொண்ணு இதுல இல்லன்னு வச்சிக்கினு போயிடறேன். பஸ்ஸுக்கு நேரம் ஆச்சி.

கிளாரா: பாதியில போவக்கூடாது. வந்தது எதுக்கு? பாத்துட்டுப் போங்க.

காந்திமதி: உன் குரலு ஏன் இப்பிடி ஆயிடிச்சி?

கிளாரா: ஒண்ணுமில்ல. அவரு வந்துடுவாரு. அழுத்துங்கக்கா.

காந்திமதி: அழுத்தறேன்… இது ஒரு ஆம்பள… இது அய்யனாரு. கட்டுமரத்துல போனவன்… இதுவும் ஆம்பளதான்… இது ரெண்டு பேரு சேந்து… கைய கோத்துக்கினு இருக்குதுங்க… இது…

கிளாரா: ம். அடுத்தது போங்க.

காந்திமதி: போவாது.

கிளாரா: ஏன், கம்ப்யூட்டரு நின்னுடுச்சா?

காந்திமதி: பச்சப் பாவாட. என் பழைய பொடவைய கிழிச்சி நாந்தான் தச்சேன். நாடா ஏறல. ஊக்குதான் குத்தியிருந்தேன். அந்த ஊக்கு தெரியுது.

கிளாரா: அக்கா…

காந்திமதி: மூஞ்சில ஒரு கீறலு கூட இல்ல. தூங்கற மாதிரி இருக்கா. இவள ஆயிரம் பேருல கூட நான் கண்டுபுடிச்சிருப்பேன். இந்த வரிசையிலயாடி கெடந்த நீ? மூணு தடவ நடந்தேனே. எப்பிடி வுட்டேன்? எப்பிடிடி உன்ன வுட்டுட்டு…

ராஜாங்கம்: அப்ப அவ அங்க இல்லம்மா.

காந்திமதி: அய்யா… நீங்க எப்ப வந்தீங்க?

ராஜாங்கம்: நீங்க புள்ளயத் தூக்கினு போன பெறவு இன்னொரு டிராக்டரு வந்திச்சி. அதுல வந்தவங்க கடைசி அஞ்சி பேரு. நான் திருப்பிப் போயி எடுத்தேன். எடுத்து முடிச்ச ஒடனே குழியில எறக்கிட்டாங்க.

காந்திமதி: கொஞ்ச நேரம்… கொஞ்ச நேரம் நின்னிருந்தா…

ராஜாங்கம்: கிளாரா, யாரு இத மாட்டச் சொன்னது உன்ன?

காந்திமதி: அந்தப் பொண்ண திட்டாதீங்கய்யா. நாந்தான் கேட்டேன். நீங்க செத்துப்போச்சின்னு சொன்னீங்க. ஒரு தாயி மூணு தடவ வந்து நின்னனே, காட்டியிருக்கலாமே. நான் பாக்கக்கூடாதா?

ராஜாங்கம்: நீங்க பாக்கக்கூடாதுன்னு இல்லம்மா. இவ பாக்கக்கூடாதுன்னுதான் அப்பிடிச் சொன்னேன்.

காந்திமதி: இவளா? இவளுக்கு இன்னா வந்தது இதுல?

கிளாரா: நான் எதயும் பாக்கலண்ணே. செவுரு பக்கமாத்தான் நின்னுக்கினு இருக்கேன். அவங்க சொன்னாங்க. அதக் கேட்டேன்.

ராஜாங்கம்: பதினாலாவது படமா?

கிளாரா: உங்களுக்கு நம்பரு கூட ஞாபகம் இருக்குது.

ராஜாங்கம்: எப்பிடிம்மா மறக்கும்? முந்தின நாளு சாயந்திரம் இதே ரூம்ல ஸ்டூல் போட்டு ஏத்தி உக்கார வச்சி எடுத்தேன். சிரிக்க மாட்டேன்னிச்சி. மறுநாளு அதே கவுனு… இந்தம்மா தூக்கினு போறதயும் பாத்தேன். கூப்பிட வாயே வர்ல. பெத்தவ அழுவற மாதிரிதான் அழுதாங்க. ஒருவேள எனக்குத்தான் தப்பா தெரியுதோன்னு நின்னுட்டேன். ரெண்டு நாளு கழிச்சி உங்கப்பா வந்து படத்தக் காட்டச் சொன்னாரு. சொன்னா தோண்டி எடுப்பாங்க. ஒரு தாயி கையிலயிருந்து புடுங்கி… பதினாலாவத மட்டும் எடுத்துட்டு மீதியக் காட்டினேன்.

கிளாரா: அதுக்குத்தான் வேல குடுத்தீங்களா எனக்கு?

காந்திமதி: எம்மா. பொண்ணே. இவரு இன்னா சொல்றாரு? இந்தப் பக்கம் திரும்பு. அந்தப் புள்ளயோட தாயி யாருன்னு உனக்குத் தெரியுமா?

கிளாரா: எங்கம்மாதான். அந்தப் புள்ள பேரு எலிசா. என் தங்கச்சி. கிறிஸ்மஸ் கவுன ராத்திரி கூட கழட்டாம படுத்துக்கினா. காலையில கடலுக்குப் போலாம்னு நாந்தான் இட்டுக்கினு போனேன். தண்ணி வந்தப்ப கையயும் நாந்தான் வுட்டேன். இந்த டிஸ்க்கு டிராயர்ல இருக்குதுன்னு தெரிஞ்சிதான் இங்க வேலைக்கு வந்தேன். மூணு வருசமா தொடத் தெம்பில்ல. நீங்க பாத்து சொன்னா கேட்டுக்கலாம்னுதான் உங்கள வரச் சொல்லி எழுதினேன். எங்கம்மா ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் எந்தக் குழியில மெழுவத்தி வெக்கறதுன்னு தெரியாம பெரிய சிலுவ கீழ வச்சிட்டு வர்றாங்க. உங்கள நான் ஒண்ணும் கேக்கலக்கா. போலீசு, கேசு, ஒண்ணும் வேணாம். எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க… அக்கா. எங்க எழுந்துக்கறீங்க… கொஞ்சம் நில்லுங்க. அண்ணே, அவங்கள நிறுத்துங்கண்ணே… வெய்யில்ல எறங்காதீங்கக்கா, நானும் வர்றேன்… ஒரே ஒரு வார்த்த. தோப்புக்கு எந்தப் பக்கம்? கடலப் பாத்தா, ரோட்டப் பாத்தா? அவ தலைய எந்தப் பக்கம் வச்சிப் படுக்க வச்சீங்க… அதயாவது…